கூடுவிட்டுக் கூடு பாய்தல்: ஹாக்கின்டாஷ் இயல்

மாடு மேய்த்த மூலனின் உடலில் புகுந்த திருமூலர், திரும்பி வந்து பார்த்தபோது வைத்த இடத்தில் தம் உடலைக் காணவில்லை. ஆப்பிளின் மேக் ஓஎஸ்ஸை, பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கணினிக்குள் ஏற்றும் கலை இம்மரபின் நீட்சியே என்பது இக்கட்டுரையின் துணிபு. உலக வழக்கில் இது ஹாக்கின்டாஷ் எனப்படும். உரிம ஒப்பந்தம் இதை அனுமதிக்கவில்லை என்பதை அறம் கருதிச் சொல்லிவைக்கிறேன்.

காலம்: 2005 ஜூனில் ஆப்பிள் இன்டெல் சிப்புக்கு மாறப்போவதாக அறிவித்தது. அதற்கு முன் மேக்கின் உடல் வேறு, நம் வீட்டுக் கணினியின் உடல் வேறு, பாய வழியில்லை. 2020 ஜூனில் சொந்தச் சிப்பு என்றார்கள், கடல்கோள் தொடங்கிற்று. 2025இல் வந்த டஹோதான் இன்டெல் உடலில் தங்கும் கடைசிப் பதிப்பு.

காவல்: இன்டெல் மேக்குகளில் எஸ்எம்சி என்றொரு சிப். அதனுள் ‘எங்கள் உழைப்பைத் திருடாதீர்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் மன்றாடும் வாசகம், எழுத்தும் குறியுமாக 64. அது தற்செயலா, திருவிளையாடலா என்பது ஆய்வுக்குரியது. வாசகம் கிடைக்காவிட்டால் மேக் ஓஎஸ் எழாது. எனவே விர்ச்சுவல் எஸ்எம்சி என்னும் போலிச் சிப் அதைப் பிசகாமல் ஒப்பிக்கிறது. திருடன் வாயாலேயே திருடாதே என்று சொல்லவைப்பதுதான் இதன் நயம். ‘இது ஐமேக்’ என்று பிறப்புச் சான்றிதழ் எழுதித்தருவது ஓப்பன்கோர்.

யூஎஸ்பி இயல் நுட்பமானது. ஒரு கன்ட்ரோலருக்கு 15 போர்ட்டுக்கு மேல் மேக் ஓஎஸ் ஏற்காது. பின்னால் எண்ணினால் பத்துகூட இல்லையே என்பார்க்கு விடை: நீல நிற ஓட்டை ஒவ்வொன்றும் இரண்டு, பழைய வேகத்துக்கு ஒன்று, புதிய வேகத்துக்கு ஒன்று. ஆகவே ஆய்வாளன் மேசைக்கடியில் தவழ்ந்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, இரு வகைப் பென்டிரைவையும் ஓட்டை ஓட்டையாகச் செருகி, எது வாழ வேண்டும், எது சாக வேண்டும் என்று தாளில் குறிக்க வேண்டும். என் தாளில் ஏழாம் ஓட்டை இருமுறை வருகிறது. பாடபேதம்.

தூங்கிய கணினி விழித்தெழுந்தால் ஆய்வு முற்றிற்று என்பது மரபு. என்னுடையது தூங்கியது. ஃபேன் சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. “உசுரு இருக்கா?” என்று கேட்டாள் மனைவி.

மூன்றாம் நாள், போதும், விண்டோஸுக்கே திரும்பிவிடலாம் என்று பழைய டிஸ்க்கிலிருந்து பூட் செய்தேன். அங்கே ஒன்றுமில்லை. முதல் நாள் பட்டியலில் இரண்டு 500 ஜிபி டிஸ்க்குகள் தெரிந்ததும், நான் அவசரமாக எரேஸ் அழுத்தியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. திருமூலரின் உடலை மறைத்தவர் சிவபெருமான். என் விஷயத்தில் அப்படிச் சொல்லவும் வழியில்லை.