தனியாவா வந்தீங்க?

தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் தனிப் பயணி, அதாவது மனைவி மக்களோ நண்பர் கூட்டமோ இன்றித் தோளில் ஒரு பையோடு மட்டும் பேருந்திலிருந்து இறங்கும் ஆள், முதல் நாளில் தவறாமல் எதிர்கொள்ளும் கேள்வி "தனியாவா வந்தீங்க?" என்பதே ஆகும். சென்ற வாரம் செஞ்சியில் அக்கேள்வி கேட்கப்பட்ட எரிச்சல் இன்னும் தணியாத நிலையில், அருகிலுள்ள மேல்சித்தாமூரின் சமணக் கோயில்களைப் பற்றி இக்கட்டுரை எழுதப்படுகிறது.

நயினார் எனப்படும் தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமாகிய ஜினகாஞ்சி மடம் அவ்வூரில் உள்ளது. பார்சுவநாதர் கோயிலும், பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பெற்ற மலைநாதர் கோயிலும் அங்கேயே உள்ளன. தீர்த்தங்கரர் என்போர் சமணம் போற்றும் 24 அருகர். சிற்பங்களின் சிறப்புக்குச் செல்லுமுன் மேற்படி கேள்வியின் வகைகளைச் சொல்லிவிடுவது முறையாகும்.

முதலாவது டீக்கடை வகை. இதில் டீ மாஸ்டர் கிளாஸை நீட்டிவிட்டு, விடை வரும்வரை அதனை விடாமல் பிடித்துக்கொள்வார்; "ஆமாம்" என்பதை அவர் விடையாக ஏற்பதில்லை. "வீட்ல வரலையா?", "ஏதாவது வேண்டுதலா?", "யூடியூப்பா?" எனத் தொடரும் விசாரணையில் எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொன்னால், பெஞ்சில் நாளிதழ் படித்துக்கொண்டிருப்பவர் தலைநிமிராமலே "பாவம்" என்று தீர்ப்பளிப்பார். இரண்டாவது லாட்ஜ் வகை. இது கேள்வி வடிவில் அமைந்த மறுப்பு. தனி ஆள் அறைக்குள் சென்று ஏதேனும் செய்துகொள்வானோ என்னும் அச்சத்தால், சாவிகள் வரிசையாகத் தொங்கும் பலகையின் முன் அமர்ந்தபடியே "சிங்கிளுக்கு ரூம் இல்ல சார்" என்பர். உயிர்மீது பற்றுடையவன் என்பதை எந்த அடையாள அட்டையாலும் நிறுவ முடியாது. இக்கட்டுரையாளர் சிரித்துக் காட்டியபோது ஐயம் வலுத்ததே தவிரக் குறையவில்லை. இருவர் சேர்ந்து வந்தால் இருவருக்கும் வாழ விருப்பம் உண்டு என்று கொள்வது எந்த நூலின் முடிபு என்பது விளங்கவில்லை. மூன்றாவது பரிவு வகை. இதுவே மிகக் கொடியது, ஏனெனில் இதற்குக் கோபப்படவும் வழியில்லை.

வரலாறும் தனியருக்கு ஆதரவாக இல்லை. 1597இல் செஞ்சிக்கு வந்த ஏசுசபைப் பாதிரியார் பிமெண்டா, இந்தியாவில் தாம் கண்ட நகரங்களுள் இதுவே மிகப் பெரிது என்றும், லிஸ்பன் நீங்கலாகப் போர்ச்சுக்கல்லில் இதற்கு ஈடில்லை என்றும் எழுதினார். தங்குவதற்கு அறை கிடைத்தவரின் எழுத்து அது. 1689இல் முகலாயருக்குத் தப்பி மாறுவேடத்தில் செஞ்சியை அடைந்த மராட்டிய மன்னர் ராஜாராமும் துணைக்கு ஆட்களுடன்தான் வந்தார். தனியே வந்திருப்பின் முதல் சத்திரத்திலேயே அகப்பட்டிருப்பார். செஞ்சிக் கோட்டையின் நுழைவுச்சீட்டில் இந்தியருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்குப் பன்மடங்கு கட்டணம் என்றிருக்க, ஒண்டியாக வருவோருக்கென ஒரு கட்டணம் இன்னும் விதிக்கப்படாதது வியப்பே.

மலைநாதர் கோயிலில் உள்ள, சமணத் துறவி பாகுபலியின் உருவம் விரிவாக ஆராயத்தக்கது. எனினும் அதன் முன் நின்றபோது பின்னாலிருந்து ஒரு பெரியவர் தொண்டையைக் கனைத்ததால், ஆய்வு அத்துடன் கைவிடப்பட்டது. திரும்பும் பேருந்தில் சன்னலோர இருக்கை கிடைத்ததும், நின்றிருந்த அம்மாள் ஒருவர் "ஒண்டியாத்தான இருக்கீங்க" என்று கூறிக் காய்கறிப் பையையும், அதன்மேல் ஒரு கைக்குழந்தையையும் மடியில் வைத்தார். நடத்துநர் வந்து, குழந்தையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, "அம்மா எங்க?" என்றார்.