மாற்று காரும் அதே பிராண்டு!

கோடி ரூபாய் சொகுசு கார் பாதி நாள் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. ஆனாலும் அடுத்த காரையும் அதே பிராண்டில்தானே வாங்குகிறார்கள்?

ஒர்க்‌ஷாப்பில் தற்காலிகமாகத் தருகிற காரும் அதே பிராண்டுதானே, பழகிவிடுகிறது! பழுது மட்டுமே வாடிக்கையாளரை விரட்டாது என்பதற்கு லெக்ஸஸ் சாட்சி. 1989-இல் அமெரிக்காவில் எல்.எஸ். 400 அறிமுகமான சில மாதங்களிலேயே பிரேக் விளக்குக் கோளாறு உள்ளிட்ட காரணங்களால் சுமார் 8,000 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். பலருடைய வீட்டுக்கே வந்து எடுத்துப்போய், சரிசெய்து, கழுவி, பெட்ரோலும் நிரப்பிக் கொடுத்தார்கள். கெட வேண்டிய பெயர் ஏறியது. 'குளிப்பாட்டினால் கோளாறு போய்விடுமா?' என்பீர்கள். போகாது. அந்த மாடல் பிறகு நெடுங்காலம் உழைத்ததால்தான் உபசாரமும் எடுபட்டது. மாதாமாதம் மக்கர் செய்கிற காரை எத்தனை முறை கழுவிக் கொடுத்தாலும், பெயின்ட்தான் தேயும்.