உந்தக் கானைக் கொண்டுபோய்க் குடுத்திட்டு வா

வா மோனை, திண்ணையிலை இரு. கையிலை என்ன, ஒயில் கானோ? காட்டு பாப்பம். என்ரை கண்ணாடியை எடு.

அட, வடிவான கான்தான். பின்பக்கத்திலை உலகத்திலை உள்ள காரின்ரை பேரெல்லாம் எழுதிக் கிடக்கு. ஊரிலை எல்லாருக்கும் நல்லவனாத் திரியிறவனை நம்பி ஆரும் பொம்பிளை குடுக்கிறதில்லை. நீ என்னடா எண்டால் உந்தக் கானை நம்பி உன்ரை ரொயோட்டா அக்குவா ஹைபிரிட்டின்ரை கியர் பொக்ஸையே குடுக்கப் போறாய்.

கோவிக்காதை. போன மாசம் சீற்றுக்குத் தோலுறை போட்டனி. முன்னுக்கும் பின்னுக்கும் நீல லைற் பூட்டினனி. கார் மணக்க வேணும் எண்டு கண்ணாடிக்குக் கீழை ஒரு போத்தல் தொங்குது. அப்ப எல்லாம் ஒரு ரூபாய்க்கும் கணக்குப் பாக்காதவனுக்கு, கண்ணுக்குத் தெரியாத இடத்திலை விடுற ஒயில் எண்டவுடனை மட்டும் சிக்கனம் வந்திட்டுது.

"நீங்கள் மண்ணெண்ணையிலை கார் ஓடின ஆக்கள்தானே பெரியப்பா, இதுக்கென்ன?" எண்டு கேக்கிறாய். நல்லாக் கேட்டாய். 1990க்குப் பிறகு சண்டைக் காலத்திலை எங்கடை பக்கத்துக்குச் சாமான் வரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, கரண்ட் இல்லை, சவுக்காரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்டம். பனம்பழத்தைப் பிசைஞ்சு உடுப்புத் தோய்ச்சம். ஏ-40 காருக்கு நாலு சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணி, சூடேறின பிறகு மண்ணெண்ணைக்கு மாத்தி ஓடினம். பின்னாலை வாறவனுக்கு றோட்டுத் தெரியாத அளவுக்குப் புகை. மாற்றுச் சாமான் எண்டால் எங்களுக்கு ஆர் படிப்பிக்கிறது?

ஆனா அது ஏன் ஓடினது எண்டு யோசிச்சனியே? காபரேட்டருக்கு வேண்டியது ஆவியாகி எரியிற ஒரு சாமான். பெற்றோல் குளிரிலையும் ஆவியாகும். மண்ணெண்ணைக்குச் சூடு வேணும். அதாலைதான் முதல் அது, பிறகு இது. அமுக்கம் குறைஞ்ச பழைய எஞ்சின், இருமி இருமியெண்டாலும் எரிச்சுது. எரியாத மண்ணெண்ணை கீழை இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும் எண்டும் தெரியும், அதைக் கெதி கெதியா மாத்தினம். கடைக்காரன் சொன்னான் எண்டு ஊத்தேல்லை, விளங்கித்தான் ஊத்தினம்.

இப்ப நீ சொல்லு, உன்ரை பெட்டிக்குள்ளை என்ன கிடக்கு? தெரியாது. சரி, கேள். அதுக்குள்ளை பெல்ட் இல்லை, கிளச் தட்டு இல்லை, டோர்க் கொன்வேட்டரும் இல்லை. நடுவிலை ஒரு பல்லுச்சில்லு, அதைச் சுத்தி ஓடுற குட்டிச் சில்லுகள், வெளியிலை உள்பக்கம் பல்லு வைச்ச ஒரு வளையம். குட்டிச் சில்லுகளைத் தாங்கிற சட்டத்திலை எஞ்சின் பூட்டியிருக்கு. நடுச் சில்லிலை ஒரு மோட்டர். வளையத்தாலை ரயருக்குப் போற வழி, அந்த வழியிலைதான் பெரிய மோட்டரும் வந்து சேருது. கியர் மாத்திற வேலையே அங்கை இல்லை. நடு மோட்டரின்ரை வேகத்தைக் கூட்டிக் குறைச்சே எல்லாம் நடக்குது. ஆர் யோசிச்சானோ, கெட்டிக்காரன்.

அந்த ரெண்டு மோட்டரும் ஒயில் தெறிக்கிற இடத்திலைதான் சுத்துது. செப்புக் கம்பிச் சுருள், அதுக்கு மேலை மெல்லிய வார்னிஷ். உன்ரை பற்றரி 144 வோல்ற். இன்வேட்டர் அதை 520 வரைக்கும் ஏத்தி மோட்டருக்கு அனுப்புது. எங்கடை வீட்டுக் கரண்டே 230 தான், அதிலை கைவைக்க நீ நடுங்குவாய். அப்ப இந்த ஒயில் பல்லைத் தேயாமல் காக்கவும் வேணும், சுருளின்ரை சூட்டை இழுத்துக் கொண்டுபோய் வெளிக்கூட்டிலை விடவும் வேணும், கரண்டைக் கடத்தாமல், செப்பை அரிக்காமல் இருக்கவும் வேணும். வழக்கமான ஓட்டோ கியர் ஒயிலிலை பெரிய பிரச்சினை கிளச் தட்டு வழுக்கிறதும் பிடிக்கிறதும். உன்ரை பெட்டியிலை அந்தச் சண்டை இல்லை. தடிப்பும் செப்பும் கரண்டும்தான் இஞ்சை கதை.

மேற்கு வளவுப் பொடியன் கியர் ஒயில் 90 விடச் சொன்னவனாம். நல்ல பிள்ளை, அவன்ரை தகப்பனும் உப்பிடித்தான். உன்ரை காருக்கு விதிச்ச ஒயில் 100 பாகை சூட்டிலை ஐஞ்சரை அளவு தடிப்பு. 90 எண்டது அதே சூட்டிலை பதின்மூண்டரைக்கு மேலை. பாணியைக் கலக்கிற பாடுதான் படும், பெற்றோலும் கூடக் குடிக்கும். டிஃபரன்ஷலுக்கு விடுற சாதி எண்டால் கந்தகச் சரக்கும் கிடக்கும். மூடியைத் திறந்தாலே மூக்கிலை அடிக்கும். அது செப்புக்கு ஆகாது.

உன்ரை கானிலை சீ.வீ.ரி. ஒயில் எண்டெல்லோ போட்டிருக்கு? உன்ரை காரின்ரை புத்தகத்திலையும் சீ.வீ.ரி. எண்டு ஒரு எழுத்துக் கிடக்கு, அதைக் கண்டுதான் கடைக்காரப் பொடியன் எடுத்துத் தந்திருப்பான். அந்த ஒயில், ரெண்டு கப்பிக்கு நடுவிலை இரும்புப் பெல்ட் வழுக்காமல் பிடிக்கிறதுக்குச் செய்தது. உன்னட்டைக் கப்பியும் இல்லை, பெல்ட்டும் இல்லை.

உடனை ஹொண்டாக்காரனைப் போய்க் கேக்காதை. அவன்ரை ஹைபிரிட் வேறை வீடு. 2010இலை வந்த ஃபிட் ஹைபிரிட்டிலை உண்மையாவே பெல்ட் இருக்கு. 2013இலை வந்த ஃபிட்டிலையும் வெசலிலையும் ரெண்டு கிளச், ஏழு கியர். அவனுக்குச் சொன்ன ஒயிலை நீ விட்டாலும் பிழை, உனக்குச் சொன்னதை அவன் விட்டாலும் பிழை.

சரி, எதை வேண்டிறது? ரொயோட்டா புத்தகத்திலை ஏ.ரி.எவ். டபிள்யூ.எஸ். ஒண்டுதான், வேறை விடாதை எண்டு கிடக்கு. வியாபாரி, தன்ரை சாமானைத்தான் சொல்லுவான். ஆனா ரொயோட்டா எண்ணெய்க் கிணறு கிண்டிற கொம்பனி இல்லை எண்டதும் எனக்குத் தெரியும். ரொயோட்டாக் குடும்பத்துக்கே கியர் பொக்ஸ் செய்யிற ஐசின், டபிள்யூ.எஸ்.ஸுக்கு ஈடா ஒரு ஒயில் விக்குது. யப்பானிலை எண்ணெய் வடிக்கிற இதெமிற்சுவிட்டையும் ஒண்டு இருக்கு. வல்வோலின் மக்ஸ்லைஃப் பலதுக்கும் பொதுவான ஒயில், ஆனா டபிள்யூ.எஸ். கேட்ட வண்டிக்கும் விடலாம் எண்டு அவன் எழுதியிருக்கிறான். அவன் எழுதினது அவன்ரை வாக்கு, ரொயோட்டா குடுத்த ஒப்புதல் இல்லை. என்னைக் கேட்டால் முதல் ரொயோட்டாக் கான், அது அம்பிடாட்டில் ஐசின். அதுக்கங்காலை போறதெண்டால் உன்ரை துணிவு.

எந்தக் கானை வேண்டினாலும் திருப்பிப் பார். டபிள்யூ.எஸ். எண்டோ ஜே.டபிள்யூ.எஸ். 3324 எண்டோ இருக்கவேணும். 3309 எண்டு இருந்தால் அது ரி-4, இதைவிடத் தடிப்பு. ரொயோட்டாவின்ரை பழைய முதற் பிரியஸுக்கு அதுதான் விட்டவங்கள், ரெண்டாவது பிரியஸோடை மாத்திப் போட்டாங்கள். ரெண்டையும் கலக்கவும் கூடாது.

மெசின் வைச்சுக் கழுவவேணும் எண்டு கராச்சிலை ஆரும் சொன்னால், சிரிச்சுக்கொண்டு எழும்பி வா. டோர்க் கொன்வேட்டர் இல்லாத பெட்டி, கீழை நட்டைக் கழட்டினால் கிட்டத்தட்ட எல்லாம் தானா வடிஞ்சிடும். கழுவுறது உன்ரை பொக்கற்றைத்தான்.

நாளைக்குக் காலமை ஒயில் மாத்தக் காரைச் சமதரையிலை நிப்பாட்டு. திறப்பை எடுத்து வீட்டுக்குள்ளை வை. "ரெடி" வெளிச்சம் எரிய விட்டிட்டுக் கீழை பூந்தாயெண்டால், சத்தமில்லாமல் கிடந்த கார் தன்ரை எண்ணத்துக்கு எஞ்சினை ஸ்ராட் பண்ணும். செம்மஞ்சள் வயர் எங்கை கண்டாலும் அங்கை உனக்கு அலுவல் இல்லை. இன்வேட்டருக்கு எண்டு பிங்க் நிறத்திலை ஒரு தண்ணி கிடக்கும். அது வேறை, அதையும் திறந்துபோட்டு என்னட்டை ஓடி வராதை.

முதல் மேல் நட்டைக் கழட்டு. அது இறுகி வராட்டில் கீழை தொடாதை. ஒயிலை வடிச்சுப்போட்டு, விட வழியில்லாமல் முழிசிக்கொண்டு நிண்ட ஆக்களை எனக்குத் தெரியும். மேலை கழண்டால்தான் கீழை. வாறது கறுப்பாத்தான் வரும், பயப்பிடாதை. வடிஞ்சதை அளந்து வை. வாசருகளைப் புதுசாப் போடு, பழசைப் பிரட்டிப் போடுற சாமர்த்தியம் வேண்டாம். அளவுக்கம்பி தேடாதை, இந்தப் பெட்டிக்கு அது இல்லை. மேல் ஓட்டையாலை சிவப்பா வழியத் தொடங்கும் வரைக்கும் விட்டு, வழிஞ்சு நிண்டவுடனை பூட்டு.

நாலு லீற்றர் வேண்டினால் கொஞ்சம் மிஞ்சும். அடுத்த முறைக்கெண்டு மூலையிலை வையாதை. திறந்த கான் மாரிக் காத்திலை ஈரம் இழுக்கும், ஈரம் ஏறின ஒயிலை அந்த மோட்டருக்குக் கிட்டவும் கொண்டு போகேலாது. வீசவும் வேண்டாம், பாவம், காசு குடுத்த சாமான். இஞ்சை கொண்டுவந்து தா. எங்கடை படலைப் பிணைச்சல் ஊரை எழுப்பிற சத்தம் போடுது, என்ரை சைக்கிள் செயினும் காஞ்சு போச்சு. அதுகளுக்கு 3324 ஓ 3309 ஓ எண்டு நான் கேக்கமாட்டன்.