பாட்டிலுக்கு ஜாதகம் உண்டு, பையனுக்கு?

மாட்சிமை பொருந்திய மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைக்கும், அதன் செல்லப்பிள்ளை டாஸ்மாக் நிறுவனத்துக்கும் பணிவான வணக்கம்.

காலி பாட்டிலைக் கொடுத்து, வாங்கும்போது கூடுதலாகக் கட்டிய பத்து ரூபாயைத் திரும்பப் பெற வரிசையில் நிற்கும் நரைத்த தலைகளிடம், "ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்கு, எடுக்க மாட்டோம்" என்று கம்பி வலைக்கு அந்தப் பக்கமிருந்து சொல்லும் உங்கள் கண்டிப்பை இன்று நாடே மெச்சுகிறது. அறுபது வயதுக்காரர் தன் பத்து ரூபாய்க்காகக் கெஞ்சி நிற்கும் அதே ஜன்னலில், அவருக்குப் பின்னால் அரும்பு மீசையோடு வரும் பையன் ஒரு கேள்வியும் இல்லாமல் குவார்ட்டர் வாங்கிக்கொண்டு போகிறான். காலி பாட்டில் தன்னை யாரென்று நிரூபித்தாக வேண்டும். நிறைந்த பாட்டிலை வாங்குகிறவனுக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. இந்த நிர்வாக நுட்பத்தைப் பாராட்டவே இக்கடிதம்.

முதலில் பாட்டிலின் ஜாதகத்தைப் பார்ப்போம். காட்டில் உடைத்து வீசப்பட்ட கண்ணாடி யானைகளின் காலைக் கிழிக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்ததும், 2022இல் நீலகிரியில் காலி பாட்டிலைத் திரும்பப் பெறும் திட்டத்தைத் தொடங்கினீர்கள். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் அது பரவியது. நல்ல திட்டம், மனமாரச் சொல்கிறேன். இப்போது பாட்டிலின் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பில் போடும் கருவிகளும் கடைகளுக்கு வந்திருக்கின்றன. ஆக, உங்கள் ஆட்சியில் ஒரு பாட்டிலுக்குப் பிறந்த ஆலை தெரியும், பிறந்த தேதி தெரியும், புகுந்த கடை தெரியும். ஸ்டிக்கர் மட்டும் ஒழுங்காக ஒட்டியிருந்தால் மறுபிறவியும் உண்டு. இத்தனை கட்டங்களும் கச்சிதமாகக் கணிக்கப்பட்ட ஜாதகத்துக்குப் பொருத்தம் பார்க்க வேண்டிய மறுபக்கத்தில் மட்டும், வாங்குகிறவனின் பிறந்த வருடத்தைக்கூட யாரும் கேட்பதில்லை. கல்யாணத் தரகர்கூட இவ்வளவு தாராளமாக இருக்கமாட்டார்.

கேட்க வேண்டும் என்று சட்டம் இல்லாமலில்லை. 21 வயது நிரம்பாதவருக்கு விற்கக்கூடாது என்பது உங்கள் விதிதான். அக்கம்பக்கத்தில் இந்த எண் கன்னாபின்னாவென்று மாறுகிறது. கேரளத்தில் 23, புதுச்சேரியில் 18, டெல்லியில் 25. கோயம்புத்தூரில் பெரிய மனிதனாக இருக்கும் 22 வயதுக்காரன் வாளையாரைத் தாண்டினால் மறுபடி சிறுவன். கடலூரில் சிறுவனாக இருப்பவன் புதுச்சேரி எல்லையில் கால் வைத்ததும் பெரிய மனிதன். எந்த வயது சரி என்பது மருத்துவர்களும் சட்டமன்றங்களும் பேசித் தீர்க்க வேண்டிய விவகாரம். நான் சொல்லவருவது அதைவிடச் சின்ன விஷயம். எண் எதுவாக இருந்தாலும் அதைக் கேட்கிற ஓர் ஆள் கல்லாவில் இருந்தால்தான் அது சட்டம். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு, 21 வயதுக்கு உட்பட்டோருக்கு விற்பதைத் தடுக்கக் கோரிய வழக்கில், வாங்குவோருக்கு உரிமம் வழங்கும் முறையைப் பற்றி யோசிக்கச் சொன்னது. 2024 நவம்பரில் விற்பனை இடங்களில் வயதுச் சோதனையைக் கட்டாயமாக்கக் கோரும் பொதுநல மனு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதிகள் மத்திய அரசிடம் விளக்கம் கேட்டார்கள். இருக்கிற சட்டத்தை நடைமுறைப்படுத்துங்கள் என்று சொல்ல நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை ஒருவர் நடக்க வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் வீட்டுக்கே மது கொண்டுவரும் பேச்சு குறுக்கிடும். அதற்கு எதிராக எப்போதும் முதலில் எடுத்து வைக்கப்படும் காரணம் வயதுதான்: கதவைத் திறப்பவன் சிறுவனா பெரியவனா என்று யாருக்குத் தெரியும்? நியாயமான கவலை. ஆனால் 2020 மே மாதம் ராஞ்சியில் உணவு விநியோக நிறுவனம் ஒன்று மதுவைக் கொண்டுசேர்க்கத் தொடங்கியபோது வைத்த ஏற்பாட்டைப் பாருங்கள். வாங்குபவர் அரசு அடையாள அட்டையின் படத்தை ஏற்ற வேண்டும், கூடவே தன் முகத்தைப் படமெடுத்து அனுப்ப வேண்டும், சரக்கு கைக்கு வரும்போது ஓடிபி சொல்ல வேண்டும். ஒடிசாவும் மேற்கு வங்கமும் விநியோகத்துக்கு அனுமதி தந்தன. இந்த ஏற்பாட்டில் ஓட்டைகள் உண்டு. அப்பாவின் அட்டை, அண்ணனின் போன், அவசரத்தில் பறக்கும் டெலிவரி ஊழியர் என்று அடுக்கலாம். மனைவியும் குழந்தைகளும் இருக்கும் வீட்டுக்குள் பொழுதெல்லாம் பாட்டில் வந்து இறங்குவதை நானும் விரும்பவில்லை. அந்தக் காரணத்துக்காக விநியோகம் வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தால் நானும் உங்கள் கட்சி. ஆனால் வயதைக் காரணமாகச் சொல்லாதீர்கள். மூன்று முறை வயது கேட்கும் வாசல் ஆபத்தானது, ஒரு முறையும் கேட்காத ஜன்னல் பாதுகாப்பானது என்ற தர்க்கம் உங்கள் கடையில் மட்டுமே கிடைக்கும் சரக்கு.

கடையில் கூட்டம் முண்டியடிக்கும்போது அட்டை பார்க்க ஏது நேரம் என்பீர்கள். இதற்குப் பதில் உங்கள் கோப்புகளிலேயே இருக்கிறது. 2020 மே 7ஆம் தேதி, ஊரடங்குக்கு நடுவில் கடைகளைத் திறந்தபோது, ஐம்பது வயதுக்கு மேற்பட்டோருக்குக் காலை 10 முதல் மதியம் 1 வரை, நாற்பதிலிருந்து ஐம்பது வரையுள்ளோருக்கு 1 முதல் 3 வரை, நாற்பதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 3 முதல் 5 வரை என்று நேரம் பிரித்தீர்கள். வரிசையில் நின்றவர்கள் கையில் ஆதார் அட்டை இருந்தது. பத்து வருட இடைவெளியில் மனிதர்களைச் சலித்தெடுத்த துறை நீங்கள்! மறுநாளே உயர் நீதிமன்றம் கடைகளை மூடச் சொல்லி, வேண்டுமானால் ஆன்லைனில் விற்று வீட்டுக்கு அனுப்புங்கள் என்றது. நீங்கள் உச்ச நீதிமன்றத்துக்கு ஓடி, மே 15ஆம் தேதி அந்த உத்தரவுக்குத் தடை வாங்கி, மறுநாள் கிழமைக்கொரு நிறத்தில் டோக்கனோடு கடையைத் திறந்தீர்கள். கொள்ளைநோய்க்கு நடுவே, சில நாட்களுக்குள், ஏழு நிறத்தில் காகிதம் அடித்து மாநிலம் முழுக்க அனுப்பத் தெரிந்தவர்களுக்கு இளவட்டமாகத் தெரிகிறவனிடம் மட்டும் "தம்பி, கார்டு இருக்கா?" என்று கேட்பது கைமீறிய காரியமா? ஆட்சி மாறியிருக்கலாம், அமைச்சர் மாறியிருக்கலாம். ஜன்னல் அதே ஜன்னல்தான்.

கேட்டால் அடி விழும் என்று சேல்ஸ்மேன்கள் அஞ்சுவது உண்மையான ஆட்சேபம், அதை நான் தள்ளிவிட மாட்டேன். தொகுப்பூதியத்தில் நிற்கும் ஊழியரைக் கேடயமாக்கி எந்தச் சட்டத்தையும் நிறைவேற்ற முடியாது. ஆகவே கேட்கச் சொல்லும் உத்தரவோடு கேமராவும் காவலும் சேர்ந்து வர வேண்டும், விற்பனை குறைந்ததற்கு அவரிடம் விளக்கம் கேட்கும் வழக்கம் போக வேண்டும். ஆதாரைச் சேகரித்தால் அந்தரங்கம் என்னாகும் என்பார்கள். சேகரிக்க வேண்டாம், பிறந்த வருடத்தைப் பார், திருப்பிக் கொடு, அவ்வளவுதான். வாக்காளர் அட்டையும் ஓட்டுநர் உரிமமும் இதற்குப் போதும். இருபத்தைந்து வயது அண்ணன் வாங்கி வந்து தம்பிக்கு ஊற்றமாட்டானா என்றால், ஊற்றுவான்; அதற்காகத் தம்பிக்கு நேரடியாகவே விற்றுவிடலாம் என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? பள்ளிப் பிள்ளைகள் குடிக்கிறார்கள். உங்களுக்குத் தெரியும். உங்கள் அதிகாரிகளுக்குத் தெரியும், போலீசுக்குத் தெரியும், பெற்றோருக்குக் கடைசியாகத் தெரியவரும். தனியார் கள்ளத்தனமாக விற்றதல்ல இது. 2003லிருந்து சில்லறை விற்பனை மொத்தமும் அரசின் கையில் இருக்கிறது. விற்பதும் நீங்கள், விதி போடுவதும் நீங்கள், விதியை மீறுவதும் நீங்கள். வெட்கமாக இல்லையா?

பொறுத்தருள வேண்டும். தங்களைப் போன்ற பெரியவர்களிடம் குரல் உயர்த்தியிருக்கக் கூடாது. ஜாதகத்துக்கே திரும்புகிறேன், அதுதான் இருவருக்கும் சௌகரியம். பாட்டிலைப் படிக்கும் அந்தக் கையடக்கக் கருவியில் ஒரேயொரு வரி கூட்டுங்கள்: 'வயது சரிபார்க்கப்பட்டது.' ஊழியர் அதைத் தொட்டால்தான் பில் வரட்டும். ஸ்டிக்கர் உரிந்தால் எடுக்க மாட்டோம் என்று சொல்லத் தெரிந்த வாய்க்கு, வயது தெரியாவிட்டால் கொடுக்க மாட்டோம் என்பதும் வரும்.

மிச்சமிருப்பது ஒரு தடைதான்; அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 2023-24இல் மது விற்பனை அரசுக்குத் தந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். வயது கேட்கத் தொடங்கினால் இது குறையுமோ என்ற பயம். குறையாவிட்டால் உங்களுக்கு நட்டம் இல்லை, இன்றே தொடங்கலாம். குறைந்தால், எத்தனை கோடி குறைந்ததோ அத்தனை கோடியும் விற்கக்கூடாதவர்களுக்கு இதுவரை விற்று வந்த பணம் என்பது கணக்கில் ஏறிவிடும். அந்தத் தொகையை அடுத்த ஆண்டுக் கொள்கை விளக்கக் குறிப்பில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று இப்போதே நிதித் துறையிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
21 வயது எப்போதோ தாண்டிய,
அதை இதுவரை யாரும் கேட்டிராத ஒரு வாக்காளர்