உறுமல் கூடும், வேகம்?

கேள்வி: என் போலோ 1.0 டிஎஸ்ஐ காரின் ஏர் இன்டேக்கை மாற்றினால் பிக்கப் எகிறும் என்கிறார்கள். மாற்றலாமா? (வாசகர், கோவை)

பதில்: நிச்சயமாக எகிறுவது சத்தம்தான்! டர்போ எவ்வளவு அழுத்தத்தில் காற்றைத் தள்ள வேண்டும் என்று தீர்மானிப்பது ஃபில்டர் அல்ல, எஞ்சினை ஆளும் கணினியான ஈசியூ. 110 பிஎஸ்ஸுக்கு வேண்டிய அழுத்தம் வந்ததும், புகையை டர்போவைச் சுற்றித் திருப்பிவிடும் வேஸ்ட்கேட்டை அது திறந்துவிடும். மண்டப வாசலை அகலமாக்கினால் பந்தியில் இலை கூடுமா? டர்போ கொஞ்சம் சுலபமாகச் சுழலும், அவ்வளவே.

கெடுதல்தான் அதிகம். கம்பெனி ஃபில்டர் பெட்டி முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்றை எடுக்கிறது. பானெட்டுக்குள் திறந்தபடி நிற்கும் கூம்பு ஃபில்டரோ, சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் சூட்டையே குடிக்கும். சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு. இன்டர்கூலரும் ஓரளவுதான் ஆற்றும். சூட்டில் எரிபொருள் தாறுமாறாக வெடிக்கும் நாக்கிங் தலைகாட்டினால் ஈசியூ இக்னிஷனைத் தாமதப்படுத்தும், இருந்த சக்தியும் போகும். இதைவிட எனக்குப் பெரிய கவலை, மட்டமான ஃபில்டர் உள்ளே விடும் தூசி. டர்போவின் கம்ப்ரஸர் இறக்கைகளை அது அரித்துவிடும்.

ஈசியூ ரீமேப், பெரிய டர்போ என்று போகிறவர்களுக்குக் காற்று அதிகம் வேண்டும். அங்கே மூடிய பெட்டியோடு வரும் நல்ல இன்டேக் பலன் தரும். உங்கள் காரில் வேறெதுவும் மாற்றவில்லையென்றால், கம்பெனி ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுங்கள். மிச்சப் பணத்தில் நல்ல டயர் போடுங்கள்.