குடை மறுப்பும் உலர்த்தல் கோட்பாடும்: கிளாஸ்கோ செல்வோர் பொருட்டு

படிப்புக்கோ வேலைக்கோ கிளாஸ்கோ போகிறவர்களின் பெட்டியில் மூன்றாக மடியும் குடை ஒன்று தவறாமல் இருக்கும். பெரும்பாலும் அதை வைத்தது அம்மாவாக இருக்கும். பெட்டியின் எடை கூடிவிட்டதென்று விமான நிலையத்தில் ஸ்வெட்டரை எடுத்து மேலே மாட்டிக்கொள்பவர்கூட அந்தக் குடையை வெளியே எடுக்க மாட்டார். அது அங்கே போய் என்ன ஆகிறது என்பதைப் பற்றி அறிவுலகம் இதுவரை கவலைப்பட்டதாகத் தெரியவில்லை; அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம். மழைக்கு ஆயத்தமாவது என்றால் நனையாமலிருக்க வழி தேடுவது என்றே உலகோர் பொருள் கொள்கின்றனர். கிளாஸ்கோவில் அந்தப் பொருள் செல்லாது. அங்கே நனைவது ஊழின்பாற்பட்டது. காய்வது மட்டுமே முயற்சியின்பாற்பட்டது. ஆகவே குடைக்குச் செலவிடும் பணத்தையும் கவலையையும் துணி காயவைக்கும் ஏற்பாட்டுக்குத் திருப்பிவிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதற்கண் மழையின் அளவு. கிளாஸ்கோவில் ஆண்டுக்குச் சுமார் 1,100 முதல் 1,250 மில்லிமீட்டர் வரை பெய்கிறது. அளக்கும் இடம் மாறினால் எண்ணும் சற்று மாறும். சென்னையின் ஆண்டுச் சராசரி சுமார் 1,400 மில்லிமீட்டர். ஆக, மழைக்குப் பேர்போன ஊருக்குப் போகிறோமே என்று கலங்கும் சென்னைவாசி உண்மையில் மழை குறைந்த ஊருக்குத்தான் போகிறார். இதைச் சொல்லி யாரையும் தேற்ற முடியாது. என்னை? எனின், சென்னை தன் பங்கைச் சுமார் 60 நாளில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. கிளாஸ்கோ தன் பங்கை ஏறக்குறைய 170 நாளுக்குப் பங்கிட்டுக்கொள்கிறது. (இந்தியாவில் 2.5 மி.மீ. பெய்தால்தான் மழைநாள், பிரிட்டனில் 1 மி.மீ. போதும். எனவே இவ்விரண்டு எண்களையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்கலாகாது. ஆனால் அந்த 1 மி.மீ.யையும் மழையென்று மதித்து எழுதிவைக்கிறார்கள் என்பதிலிருந்தே அவ்வூர் மழையின் இயல்பு விளங்கும்.) 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது, அவ்வளவையும் பெய்து முடிக்கக் கிளாஸ்கோவுக்கு ஏறத்தாழ ஐந்து மாதம் பிடிக்கும். வாசலில் நின்று ஒருமுறை சண்டை போட்டுவிட்டுப் போகிற கடன்காரனைச் சமாளித்துவிடலாம். தினமும் விடிகாலையில் வந்து பேசாமல் திண்ணையில் உட்கார்ந்துகொள்கிற கடன்காரனை என்ன செய்வது? கிளாஸ்கோ மழை இரண்டாம் வகை.

அளவைவிட முக்கியம் சாய்வு. குடை என்பது கையில் பிடிக்கும் கூரை. மேலிருந்து கீழே விழும் மழைக்காக ஆனது. நம் ஊர்ப் பெருமழையில் 4, 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளிகள் நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் இறங்குகின்றன. கிளாஸ்கோவின் பொடித்தூறலில் துளியின் விட்டம் அரை மில்லிமீட்டர்கூட இராது. அது நொடிக்கு 2 மீட்டருக்குமேல் இறங்குவதில்லை. இப்போது மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு காற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அட்லாண்டிக்கிலிருந்து தென்மேற்குக் காற்று தடையின்றி வந்து சேரும் அந்த ஊரில் இதை யாரும் காற்று என்றே சொல்ல மாட்டார்கள். இந்தக் காற்றில் பெருந்துளி செங்குத்திலிருந்து சுமார் 30 பாகை சாயும். பொடித்துளியோ 68 பாகை சாய்ந்துவிடும். அதாவது அந்தத் தூறல் விழுவதில்லை, வருகிறது. சாலையோடு சாலையாக, நம்மைப் போலவே ஒரு பாதசாரியாக, எதிரே வருகிறது. அதற்குக் குடை பிடிப்பவர் கேடயம்போல் முகத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். பிடித்தால் எதிரே வரும் பேருந்து தெரியாது. முழங்காலுக்குக் கீழே எப்படிப் பிடித்தாலும் காப்பில்லை.

இது கட்டுரையாளரின் தனிக்கருத்து என்று ஒதுக்கிவிட இயலாதபடி அரசாங்கச் சான்றும் உண்டு. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபர்ட் 1805-இல் காற்றின் வேகத்துக்கு ஓர் அளவுகோல் வகுத்தார். பிற்காலத்தில் அது நிலத்துக்கும் பொருத்தப்பட்டபோது, எந்த எண்ணில் எது அசையும் என்று விளக்கம் எழுதினார்கள். மணிக்கு 39 முதல் 49 கிலோமீட்டர் வரை வீசும் ஆறாம் எண் காற்றுக்கு உரிய அடையாளங்களுள் ஒன்று, குடை பிடிப்பது கடினமாகும் என்பது. ஏழாம் எண்ணில் காற்றை எதிர்த்து நடப்பதே சிரமம். எட்டில் மரங்களின் சிறுகிளைகள் ஒடியும். ஆறுக்குப் பிறகு குடையைப் பற்றிப் பேச்சே இல்லை. அதற்குமேல் பேசக் குடை எஞ்சியிராது என்பது குறிப்பாற் பெறப்படும். கிளாஸ்கோவின் இலையுதிர்காலமும் குளிர்காலமும் ஆறாம் எண்ணைக் கூச்சமில்லாமல் எட்டிப்பிடிப்பவை. 2015 முதல் பெரும்புயல்களுக்கு ஆளைக் கூப்பிடுவதுபோல் பெயர் வைத்தே அழைக்கிறார்கள். முதலில் வந்தவள் அபிகெயில்.

அந்நகரில் குடை எனத் தகும் பொருள் ஒன்றுண்டு. அது ஒரு ரயில் பாலம். சென்ட்ரல் ரயில் நிலையத்தின் தண்டவாளங்களும் நடைமேடைகளும் ஆர்கைல் தெருவைக் கடந்து செல்லும் இடத்தில், அகன்ற பாலத்தின் அடியில் தெரு கொஞ்ச தூரம் நனையாமல் ஓடுகிறது. ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கேலிக் மொழிக்காரர்கள் மழைக்கு ஒதுங்கி அங்கேதான் ஊர்க்கதை பேசிக்கொண்டார்கள். அதனால் அதற்கு மலைநாட்டானின் குடை என்றே பெயர். இரும்பால் செய்து இருபுறமும் ஊன்றியிருப்பதால் அதைக் காற்று புரட்டவில்லை. இதற்கும் குறைந்த கட்டுமானத்தால் அந்த ஊரில் குடையின் வேலையைச் செய்ய முடியாது என்பது உய்த்துணரத் தக்கது.

கோட்டு இருக்கிறதே என்பர். இருக்கிறது, அதுவும் அந்த ஊர்க்காரர் கண்டதே. 1766-இல் கிளாஸ்கோவில் பிறந்த சார்லஸ் மெகின்டாஷ் என்னும் வேதியியலாளர், நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி, 1823-இல் காப்புரிமை பெற்றார். உற்பத்தி மான்செஸ்டரில் நடந்தது. அங்கேயும் மழை என்பதால் விற்பனைக்குக் குறைவில்லை. அந்தத் துணி வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும், நாறும். தையற்காரர் ஊசி குத்திய ஓட்டை வழியே தண்ணீரும் இறங்கும். ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறை 1840-களில் வந்தபின்தான் அது உருப்பட்டது. அப்போதும் ஒரு குறை தீரவில்லை. வெளித்தண்ணீரை உள்ளே விடாத துணி உள்வியர்வையையும் வெளியே விடாது. வியர்வையாவியை வெளியேற்றும் கோர்-டெக்ஸ் படலத்துக்கு 1969 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மக்கள் வெளியே காய்ந்தும் உள்ளே நனைந்தும் நடந்தார்கள். தலைமூடி வைத்த நல்ல கோட்டு வேண்டாமென்பது இவ்வாய்வின் கருத்தன்று. கட்டாயம் வேண்டும். ஆனால் அது நனைதலைத் தள்ளிப்போடும் கருவியே தவிர, தடுக்கும் கருவியன்று. தொடையளவில் அது முடிகிறது; அதில் வழிந்த தண்ணீர் முழுதும் அதற்குக் கீழேயுள்ள ஜீன்ஸில் போய்ச் சேர்கிறது.

இனிச் சித்தாந்தம். நம் ஊரில் நனைவது ஒரு பொருட்டல்ல, வெயில் இருக்கிறது. மொட்டைமாடிக் கொடியில் போட்ட வேட்டி மத்தியானத்துக்குள் மொறமொறவென்று காய்ந்துவிடும். கிளாஸ்கோவில் டிசம்பரில் பகல் ஏழு மணி நேரம்தான். ஜனவரியில் உச்ச வெப்பமே சராசரியாக 7 பாகை செல்சியஸ் அளவில் நிற்கும். காற்றில் ஈரம் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் துணியின் ஈரத்தை வாங்கிக்கொள்ள அதற்கு இடமில்லை. மழையின் அளவில் அல்ல, இங்கேதான் இரண்டு ஊருக்கும் உண்மையான வேறுபாடு. இதை அவ்வூரார் நன்றாக அறிவர். அவர்களுடைய அறிவு முழுதும் குடையில் அல்ல, அடுக்களையின் கூரையில் தொங்குகிறது. பழைய மணற்கல் அடுக்குமாடி வீடுகளில் அண்ணாந்து பார்த்தால் அது தெரியும். இரண்டு வார்ப்பிரும்புச் சட்டங்கள், அவற்றின் துளைகளில் செருகிய நான்கைந்து நீண்ட மரச்சட்டங்கள், கூரையில் கப்பி, கப்பியில் ஓடி வந்து சுவரிலுள்ள கொக்கியில் எட்டுப்போல் சுற்றிக் கட்டிய கயிறு. கயிற்றை அவிழ்த்தால் சட்டம் மார்பளவுக்கு இறங்கும். ஈரத்துணியை மடிப்பில்லாமல் விரித்துப் போட்டு இழுத்தால், அடுப்பின் வெப்பமெல்லாம் போய்த் தங்கும் மேற்காற்றில் அது ஏறி நின்றுகொள்ளும். கீழே மனிதர்கள் சாப்பிடலாம், படிக்கலாம். தலைக்குமேல் இரவு முழுக்க உலர்த்தல் நடந்துகொண்டிருக்கும். மின்சாரமும் வேண்டாம், இடமும் அடைக்காது. மீன் வறுக்கும் நாளில் மட்டும் சட்டைகளை முன்கூட்டியே இறக்கிவிட வேண்டும்.

வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. கிளாஸ்கோ கிரீன் பூங்காவில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பொதுச் சலவை மனை இருந்தது. துணி காயப்போடும் கொடிகளுக்கான இரும்புக் கம்பங்கள் அந்தப் புல்வெளியில் இன்றும் நிற்கின்றன. பின்னால் வந்த பொதுச் சலவைக்கூடங்களில் துவைக்கும் தொட்டிகளோடு, வெங்காற்றில் துணி உலர்த்தும் அடுக்குகளும் இருந்தன. அந்தக் கூடங்களுக்கு ஊர்ப்பெயர் ஸ்டீமி. அப்பெயரிலேயே டோனி ரோப்பர் 1987-இல் எழுதிய நாடகம் பெரும்புகழ் பெற்றது. 1765-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், வானம் வெளுத்திருந்த நேரத்தில், ஜேம்ஸ் வாட் அந்தப் பூங்காவில் உலாவப் போனார். பழைய சலவை மனையைக் கடந்து போகையில்தான் நீராவி எந்திரத்தின் ஆவியைத் தனிக்கலத்தில் (கண்டென்சரில்) குளிரவைக்கும் யோசனை தோன்றியதென்று அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். மழை பெய்திருந்தால் அவர் வீட்டிலேயே இருந்திருப்பார். தொழிற்புரட்சி அடுத்த நல்ல பிற்பகல்வரை ஒத்திப்போடப்பட்டிருக்கும். உலகை மாற்றிய எண்ணம் துணி காயப்போடும் இடத்தில் உதித்தது என்பதை ஆய்வாளர்கள் போதிய அளவு அழுத்திச் சொல்வதில்லை.

பரபக்கத்தார் சிலர் மறுப்புரைப்பர். கைபேசியில் மணிவாரியாக மழை தெரிகிறதே, பார்த்துவிட்டுப் புறப்பட்டால் ஆயிற்று என்பது ஒரு சாரார் கூற்று. வானிலையாளர் பிட்ஸ்ராய் 1861-இல் லண்டன் டைம்ஸ் நாளிதழில் வானிலை முன்னறிவிப்பைத் தொடங்கிய காலந்தொட்டு இந்த நம்பிக்கை உண்டு. மூன்று மணிக்கு மழை என்பது தெரிந்தாலும், மூன்று மணி வகுப்பு மூன்று மணிக்குத்தான். கிளாஸ்கோக்காரர்களே குடை பிடிக்கிறார்களே என்பது இன்னொரு சாராரின் கூற்று. பிடிக்கிறார்கள். காற்று வீசிய மறுநாள் தெருக் குப்பைத்தொட்டிகளைப் பார்த்தால், கம்பி முறிந்து துணி கிழிந்து தலைகீழாகச் செருகிக் கிடப்பவை யாருடையவை என்று தெரியும். துணியை அறைக்குள் ஹீட்டரின்மேல் போட்டால் காயாதா என்பது மூன்றாவது. கொஞ்சம் வலுவான வாதமும் இதுவே. காயும். ஆனால் துணியிலிருந்த தண்ணீர் எங்கும் போய்விடுவதில்லை. ஆவியாகி, அறையிலேயே மிகக் குளிர்ந்த பரப்பான சன்னல் கண்ணாடியில் போய்ப் படிகிறது. வாட் அரும்பாடுபட்டுக் கண்ட தனி கண்டென்சர் வாடகை அறையில் இலவசமாகவே அமைந்துவிடுகிறது. சில வாரத்தில் சன்னல் மூலையில் கறுப்புப் பூசணம் பூக்கும். வீட்டுக்காரர் முன்பணத்தில் கைவைப்பார். துணி காயும் நேரத்தில் சன்னலைச் சற்றே திறந்து வைப்பதும், குளியலறை விசிறியை ஓடவிடுவதும் இதற்கு மருந்து.

அம்மா கொடுத்த குடையை எப்படி விட்டுப் போவது என்பது கடைசி மறுப்பு. இதற்கு விடையில்லை, கொண்டுதான் போக வேண்டும். ஆனால் விரித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டால் எட்டுக் கம்பி நுனிகளிலும் கிளிப் போட்டு எட்டுக் காலுறைகளை உலர்த்தலாம். இவ்வழியால் குடையும் நம் கோட்பாட்டுக்குள் வந்துவிடுகிறது.

எஞ்சியவை சில்லறை. கோட்டை இங்கே வாங்க வேண்டாம். நம் கடைகளில் கிடைப்பது பைக்கில் போவோருக்கான பிளாஸ்டிக். கிளாஸ்கோவின் பையர்ஸ் சாலையில் உள்ள அறக்கட்டளைக் கடைகளில் அந்த ஊர் மழையில் ஏற்கெனவே தேறிய கோட்டுகள் மலிவாகக் கிடைக்கும். ஜீன்ஸைக் குறைத்துக்கொள்ளலாம்: நனைந்த பருத்தி ஈரத்தை விடாது, உடற்சூட்டை வாங்கிக்கொள்ளும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு கதகதப்பைத் தரும். காலணி இரண்டு ஜோடி கட்டாயம். ஒன்று காலிலிருக்கையில் மற்றது கசக்கிய செய்தித்தாளை வயிற்றில் அடைத்துக்கொண்டு காய்ந்துகொண்டிருக்க வேண்டும். வீடு பார்க்கப் போகும்போது இணைய வேகத்தையும் பேருந்து நிறுத்தத்தையும் அப்புறம் விசாரியுங்கள். முதலில் அடுக்களைக்குள் போய்க் கூரையை அண்ணாந்து பாருங்கள். கப்பி இருந்தால் வாடகை பேசத் தொடங்கலாம்.