வளைகோட்டை நிமிர்த்தும் மடக்கை

கேள்வி: சோதனைப் புள்ளிகள் வளைந்து இறங்குகின்றன. அது அடுக்குக்குறிச் சிதைவுதானா என்று வரைபடத்தைப் பார்த்தே சொல்லிவிட முடியுமா?

பதில்: முடியாது, வளைந்து இறங்கும் கோடுகள் எல்லாம் தொலைவிலிருந்து பார்க்க உடன்பிறப்புகளாகவே தோன்றும். 1900-இல் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு, தோரியம் வெளிவிட்ட கதிரியக்க வாயுவால் உண்டான மின்னோட்டம் ஏறத்தாழ ஒவ்வொரு நிமிடத்திலும் பாதியாவதைக் கண்டார். எந்த அளவிலிருந்து எண்ணத் தொடங்கினாலும் பாதியாகும் நேரம், அதாவது அரைவாழ்வுக் காலம், மாறாதிருப்பதே இச்சிதைவின் அங்க அடையாளம்.

அளவீடுகளின் இயல் மடக்கையை, அதாவது சுமார் 2.718-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கையை, நேரத்துக்கு எதிராகக் குறித்தால் அடுக்குக்குறிச் சிதைவில் புள்ளிகள் நேர்கோட்டில் அமரும். அதன் சாய்வு, குறியை மாற்றிக்கொண்டால், சிதைவு மாறிலியாகும். அக்கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடம் தொடக்க அளவின் மடக்கையாகும். 0.693-ஐ அம்மாறிலியால் வகுத்தால் அரைவாழ்வு கிடைக்கும். தோரியம் வாயுவுக்கு இன்றைய அளவீட்டின்படி அது சுமார் 55.6 நொடி என்பதால், மாறிலி நொடிக்கு ஏறத்தாழ 0.0125, தொடக்க அளவை 2.718-இன் (−0.0125 × நொடிகள்) அடுக்கால் பெருக்குவதே இச்சிதைவைக் குறிக்கும் சார்பு.

மடக்கை எடுக்குமுன் கருவியின் பின்னணி அளவைக் கழித்துவிட வேண்டும். மறந்தால் கோட்டின் வால் மட்டமாகி, நிமிடத்துக்கு நிமிடம் தேயும் வாயுவுக்கு ஆய்வாளரே சாகாவரம் அளித்ததாகிவிடும்.